ஜக்கரண்டா பூத்துவிட்டால் பாஸாக முடியாதா?

(சிட்னி பல்கலைக்கழக நூலகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் கேள்வி-பதில் பகுதி)

கேள்வி: மகன் சிட்னி பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். போன வாரம் போனில், "ஜக்கரண்டா பூத்துடுச்சும்மா, நான் காலி" என்றான். மரம் பூத்தால் இவனுக்கு என்ன? (வாசகி, ஈரோடு)

பையன் இன்னும் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று அர்த்தம், அம்மா.

அங்கே இரண்டாவது செமஸ்டர் ஆடி மாதவாக்கில் ஆரம்பிக்கும், பரீட்சை நவம்பரில். அக்டோபர் கடைசியில் சிட்னி முழுக்க ஜக்கரண்டா ஊதா நிறத்தில் பூத்துக் கொட்டும். அதற்குள் படிக்க உட்காராதவன் தேறமாட்டான் என்பது மாணவர்களிடையே பல காலமாக இருக்கும் பேச்சு. ஊரெல்லாம் மரம் இருந்தாலும் கணக்கில் வருவது ஒன்றுதான்: பல்கலைக்கழகத்துக் குவாட்ராங்கிள் மூலையில் இருப்பது. நான்கு பக்கமும் மணற்கல் கட்டடம், நடுவே புல்வெளி. நம் பழைய வீட்டு முற்றத்தை ஊர் அளவுக்கு விரித்த மாதிரி இருக்கும்.

1928-ல் அந்த மரத்தை நட்டவர் வாட்டர்ஹவுஸ். ஜெர்மன் மொழிப் பேராசிரியர், தோட்டப் பைத்தியம். முதலில் வைத்த கன்றுகளை மாணவர்கள் பிடுங்கிப் போட்டார்களாம், மனிதர் விடவில்லை.

2016 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மரம் சாய்ந்துவிட்டது. திங்கட்கிழமை நூலகத்தில் அதே பேச்சுதான். "மரமே போச்சு, அப்போ இந்த வருஷம் பரீட்சை கிடையாதுதானே?" என்று ஒரு பையன் கவுண்டரில் கேட்டான். முகத்தில் சிரிப்பே இல்லை! நல்லவேளை, மரம் நோயில் இருப்பது தெரிந்து முன்பே ஒட்டுக்கன்று எடுத்து வளர்த்து வைத்திருந்தார்கள். 2017 ஜூலையில் அதை அதே இடத்தில் நட்டார்கள். ஜக்கரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். அதனால் அந்த மண்ணுக்கே உரிய இல்லவாரா ஃப்ளேம் மரம் ஒன்றையும் குவாட்ராங்கிளில் வைத்தார்கள். அது செக்கச்செவேலென்று பூக்கும். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

பரீட்சைக்கு முன்னால் கொஞ்ச நாள் வகுப்பு இருக்காது. ஸ்டூவாக் என்பார்கள். மூன்று மாதப் பாடத்தை அந்தச் சில நாளில் முடிக்க வரும் கூட்டத்தை வருடா வருடம் பார்த்தவள் நான். பாதிப் பேர் தேறிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இதை மகனிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: மகள் மாணவர் தேர்தலில் ஏதோ அணிக்கு வேலை செய்கிறாளாம். படிக்கப் போன இடத்தில் அரசியல் எதற்கு? தடுக்கலாமா? (வாசகர், மதுரை)

செப்டம்பரில் வளாகத்து ஈஸ்டர்ன் அவென்யூ பக்கம் போனால் கலர் கலராக டி-ஷர்ட் போட்ட பிள்ளைகள் ஓட்டுக் கேட்டுக் கையைப் பிடிக்காத குறையாக வருவார்கள். நானே சுற்றுவழியில் நடந்திருக்கிறேன். 1929-லிருந்து வரும் 'ஹோனி ஸ்வா' மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியர் குழுவைக்கூட ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எல்லாம் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1965 பிப்ரவரியில் இந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் சுமார் முப்பது பேர், ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களை ஊர் ஊராக ஒதுக்கி வைப்பதை எதிர்த்து ஒரு பஸ்ஸில் கிளம்பினார்கள். தலைமை சார்லஸ் பெர்கின்ஸ், பழங்குடி மாணவர். வால்கெட் ஊரில் போருக்குப் போய்வந்த பழங்குடி வீரர்களையே முன்னாள் படைவீரர் சங்கத்துக்குள் விடவில்லை. மாணவர்கள் அந்தச் சங்கத்து வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய ராத்திரி ஒரு லாரி அவர்கள் பஸ்ஸைச் சாலையைவிட்டு இறங்கும்படி நெருக்கியது. மோரீ என்ற ஊரில், பழங்குடியினரை ஒதுக்கி வைத்திருந்த நீச்சல் குளத்துக்குப் பழங்குடிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார் பெர்கின்ஸ். சுற்றி நின்ற கூட்டம் முட்டையும் தக்காளியும் வீசியது. பத்திரிகைகளும் டிவியும் இதையெல்லாம் காட்டிய பிறகுதான் நகரத்து ஆட்களுக்கு உறைத்தது.

பெர்கின்ஸ் படிப்பை விட்டுவிடவில்லை. அடுத்த வருடமே பட்டம் வாங்கினார். மகள் வகுப்புக்குப் போகிறாளா என்று மட்டும் கேளுங்கள், போதும்.

கேள்வி: 62 மார்க் வாங்கியும் வெறும் 'பாஸ்' என்று போட்டிருக்கிறதே? (வாசகர், தஞ்சாவூர்)

50 முதல் 64 வரை பாஸ், 65-லிருந்து கிரெடிட், 75-லிருந்து டிஸ்டிங்ஷன், 85-லிருந்து ஹை டிஸ்டிங்ஷன். நம் ஊர் முதல் வகுப்பை அங்கே தேடாதீர்கள். நான் வேலை பார்த்துக்கொண்டே படித்தபோது ஒரு பாடத்தில் 53. அந்த வருடமும் ஜக்கரண்டா நன்றாகத்தான் பூத்திருந்தது.