பழக்காத இரண்டு வயது மட்டக்குதிரைக்கு என்ன விலை கொடுக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறீர்கள். ஒன்பது வயது மகள் சவாரி பழக ஒரு மட்டக்குதிரை பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஆண் குட்டி, இரண்டு வயது, 46 அங்குல உயரம். சவாரிக்கும் பழக்கவில்லை, வண்டிக்கும் பழக்கவில்லை. "கடிவாளமே போட்டதில்லை, உங்க இஷ்டத்துக்குப் பழக்கிக்கலாம்" என்று சொல்லி விற்பவர் 65,000 ரூபாய் கேட்கிறார். இது நியாயமான விலையா?

என் கணக்கில் இல்லை. அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன். நான் போட்டிருக்கும் தொகைகளை எடுத்துவிட்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பழக்காத குட்டிக்குத் தனியாக ஒரு சந்தை விலை கிடையாது. சொல்கிறவர் வாய்க்கு வந்ததுதான் விலை. அதனால் பழக்கின குதிரையின் விலையிலிருந்து பின்னால் வர வேண்டும். இதே உயரத்தில், ஆறேழு வயதில், குழந்தையை ஏற்றி விட்டால் சாதுவாக நடக்கிற குதிரை உங்கள் பக்கம் என்ன விலைக்குப் போகிறது என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். 90,000 என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குட்டி அந்த நிலைக்கு வர என்ன செலவாகும் என்பதை அதிலிருந்து கழியுங்கள்.

இரண்டு வயதுக் குதிரை மேல் ஆள் ஏறக் கூடாது. அதன் எலும்பு ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. கீழ்க்கால் எலும்புகள் முதலில் முற்றும், முட்டிக்கு மேலே உள்ளவை பிறகு, முதுகெலும்பு எல்லாவற்றுக்கும் கடைசி. முதுகு முழுதாக முற்ற ஐந்து வயது தாண்டிவிடும். மூன்றரை வயதிலிருந்து லேசான பாரம் வைத்து மெதுவாக ஆரம்பிக்கலாம் என்பதுதான் நிதானமானவர்களின் வழி. ஆகவே இன்னும் ஒன்றரை வருடம் நீங்கள் தீனி மட்டும்தான் போடுவீர்கள்.

கொள்ளு, தவிடு, புல் எல்லாம் வெளியில் வாங்கினால் ஒரு நாளைக்கு 120 ரூபாய் என்று போடுங்கள். 18 மாதத்துக்கு 64,800. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ 500 வீதம் 4,500. குடற்புழு மருந்து, டெட்டனஸ் ஊசி, சில்லறை வைத்தியம் 3,000. அப்புறம் நல்ல ஆளிடம் மூன்று மாதம் பழக்க விட்டால் மாதம் 8,000 வீதம் 24,000. கூட்டினால் 96,300. பழக்கின குதிரையின் விலையையே தாண்டிவிட்டது. குட்டியைச் சும்மா கொடுத்தாலும் உங்களுக்கு நட்டம் என்று அர்த்தம்.

உங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, புல் வாங்க வேண்டாம், அதனால் தீனிச் செலவு பாதிதான் என்று வையுங்கள். தீனி 32,400 ஆகும், மொத்தம் 63,900. 90,000-இல் கழித்தால் மீதி 26,100. இந்தக் குட்டியின் நியாய விலை இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆண் குட்டி என்பதால் காயடிக்கும் செலவு தனி. குழந்தை ஏறப் போகிற குதிரையைக் காயடிக்காமல் வைத்திருக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெட்டைக் குதிரை வந்தால் போதும், அன்றைக்கு அது யார் சொல்லையும் கேட்காது.

பழக்கின குதிரைக்கும் தீனி போடத்தானே வேண்டும், அதை மட்டும் ஏன் கணக்கில் விடுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். போடத்தான் வேண்டும். ஆனால் வாங்கின வாரமே உங்கள் மகள் அதன் மேல் இருப்பாள். குட்டியானால் அந்த ஒன்றரை வருடமும் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தவிர, எல்லாக் குட்டியும் குழந்தைக்கு ஏற்ற குதிரையாக வருவதில்லை. அந்த ஆபத்து முழுக்க வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. அதற்கும் விலையில் குறைத்தாக வேண்டும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. உங்கள் மகளின் எடை.

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. சேணத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. எடை போட மேடை தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து புட்டத்தின் கோடி வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 130, நீளம் 120 என்றால் சுமார் 170 கிலோ. 46 அங்குலக் குட்டி இன்று இந்த அளவில்தான் இருக்கும். இரண்டு வயதில் உயரம் பெரும்பாலும் வந்துவிடும், இனி உடம்பு அகலமாகும். வளர்ந்து முடிந்து 200 கிலோ வந்தாலும் 40 கிலோதான் அதன் எல்லை. குதிரை தயாராகும்போது உங்கள் மகளுக்குப் பதினொரு வயது நெருங்கியிருக்கும். அவள் 34 கிலோ, சேணம் 5 கிலோ என்றால் 39. அதாவது இந்தக் குதிரை அவளைத் தூக்கக் கற்றுக்கொண்ட சில மாதத்திலேயே அவள் அதற்குக் கனமாகிவிடுவாள். மகளுக்காக மட்டும் என்றால், 26,000-க்குக் கிடைத்தாலும் இந்த உயரத்தில் குட்டி வாங்க வேண்டாம் என்பேன். அவளுக்குப் பின்னால் ஐந்து வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால் அது வேறு பேச்சு.

சரி, யோசித்துவிட்டு வாங்குவதென்றே முடிவு செய்தால், எதற்குக் காசு கொடுக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு வயது என்றால் முன்பற்கள் எல்லாமே பால்பல்லாக இருக்க வேண்டும். பால்பல் சின்னது, வெள்ளை, ஈறு பக்கம் இடுங்கியிருக்கும். நிலைப்பல் பெரிது, சற்று மஞ்சள், அடி அகலம். நடு இரண்டு பல் இரண்டரை வயதில் மாறும், அதற்கு அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். ஆறும் நிலைப்பல்லாக இருந்தால் அது ஐந்து வயதை நெருங்கிய, இனி வளராத குதிரை. குட்டை உருவத்தைக் காட்டிக் குட்டி என்கிறார் என்று அர்த்தம்.

வாய் திறந்திருக்கும்போதே உதட்டின் இரண்டு ஓரத்தையும் நாக்கையும் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. உண்மையிலேயே கடிவாளம் போடாத குட்டிக்கு அந்த ஓரத் தோல் ஈரமாக, வழுவழுப்பாக, ஒரே நிறத்தில் இருக்கும். அங்கே தடித்த வரியோ, ரோமம் உதிர்ந்த வெளுத்த தழும்போ, நாக்கில் குறுக்கே வெட்டுத் தடமோ தெரிந்தால் யாரோ முள் கடிவாளம் போட்டு இழுத்திருக்கிறார்கள். முள் கடிவாளம் 1965-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது, ஆனாலும் புழக்கத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட குட்டி பழக்காத குட்டி இல்லை, பழக்கிக் கெடுத்த குட்டி. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். யார் கையும் படாத குட்டியை மூன்று மாதத்தில் பழக்கலாம். வலியால் மனிதரைக் கண்டு மிரளக் கற்றுக்கொண்டதைத் திருத்த எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது கால். கெட்டித் தரையில், கயிற்றைத் தளர விட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மணலிலும் புல்லிலும் நொண்டல் மறைந்துவிடும். தலையைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே வரும். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் இது தெரியாது, தளர விடச் சொல்வது அதனால்தான். பிறகு நாலு குளம்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சவாரி பழக்கவில்லை என்பது பரவாயில்லை. ஆனால் இரண்டு வயதுக்குள் சில பழக்கங்கள் வந்திருக்க வேண்டும்: முகக்கயிறு போட நிற்பது, கூட்டிப் போனால் வருவது, கட்டினால் அமைதியாக நிற்பது, நாலு காலையும் தூக்கக் கொடுப்பது. இந்த நாலும் தெரிந்த குட்டிக்கு நான் ஐந்தாறாயிரம் கூடவே கொடுப்பேன். யாரோ தினமும் அதனோடு நேரம் செலவழித்திருக்கிறார்கள், அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. இதைச் சோதிக்க, சொல்லாமல் வேறொரு நேரத்தில் போங்கள். முன்னமே சொல்லிவிட்டுப் போனால் காலையெல்லாம் ஓட்டிக் களைக்க வைத்து நிறுத்தியிருக்கலாம், மயக்க மருந்துகூடக் கொடுத்திருக்கலாம். அவிழ்த்துவிட்ட குட்டியை அவர் எப்படிப் பிடிக்கிறார், அது அவரிடம் வருகிறதா, மூலைக்கு ஓடுகிறதா என்பதில் பாதி விடை இருக்கிறது.

இனி, காசு கொடுக்கக் கூடாத விஷயங்கள். "மார்வாரி கலப்பு", அதாவது ராஜஸ்தான் உயர்ரகக் குதிரையின் வாரிசு என்பது முதலாவது. காது நுனி உள்பக்கம் வளைந்திருப்பதைக் காட்டுவார்கள். வளைந்த காது நல்ல அழகுதான். ஆனால் காயடித்துக் குழந்தைக்கு விடப் போகிற 46 அங்குலக் குதிரைக்கு வம்சப் பெருமையால் ஒரு பயனும் இல்லை. நிறமும் அப்படித்தான். நொக்ரா என்கிற வெள்ளைக் குதிரைக்கும், நாலு காலும் முகமும் வெள்ளையான பஞ்சகல்யாணிக்கும் கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம் என்று கேட்பு இருப்பதால் விலை ஏறுகிறது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. தோல் வெளிர்சிவப்பாக இருக்கும் வெள்ளைக் குதிரைக்கு நம் வெயிலில் மூக்கு வெந்து புண்ணாகும், அது கூடுதல் பராமரிப்பு.

சுழி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. சுழிக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள், அதனால் அது விலையைப் பாதிக்கத்தான் செய்கிறது. சுழி சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட, காலும் வாயும் சுத்தமான குட்டி கிடைத்தால் அதுதான் உங்களுக்கு லாபம். திரும்ப விற்கும்போதும் அதே காரணத்தால் விலை குறையும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் இல்லையென்றால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே கண்ணில் படும் கத்தியவாரி என்ற குஜராத் உயர்ரகக் குதிரைகளும் ஆட்டக் குதிரைகளும் உங்கள் கணக்குக்கு ஆகாது, அந்த விலையைக் கேட்டு மலைக்கவும் வேண்டாம். ஓரமாகக் கட்டியிருக்கும் நாட்டு மட்டக்குதிரைகளை விசாரியுங்கள், முதல் நாளும் கடைசி நாளும். விற்காததைத் திரும்ப வண்டியில் ஏற்றிப் போக வேண்டியவர் கடைசி நாளில் சொல்கிற விலைதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிற தரகரிடம் போகாதீர்கள். விலையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். பல், வாய், கால் மூன்றும் சுத்தம், அந்த நாலு பழக்கமும் உண்டு என்றால் 30,000, மிஞ்சினால் 35,000. அதற்கு மேல் கேட்டால் விட்டுவிட்டு, கையில் இருக்கும் 65,000-த்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, 50 அங்குலத்துக்குக் குறையாத பழக்கின குதிரையைத் தேடுங்கள்.

எதை வாங்கினாலும் முழுப் பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கொண்டு கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய். குதிரைக்கு உறுதியானால் சட்டப்படி அதைக் கருணைக்கொலை செய்வார்கள். எங்கே எடுப்பது என்று தெரியாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள். முடிவு வரும் வரை அச்சாரம் மட்டும் கொடுத்து, நிறம், அடையாளம், பல் கணக்கு, "முடிவு சரியில்லை என்றால் அச்சாரம் திருப்பித் தரப்படும்" என்ற வரி எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.