வீட்டை விற்றவர் வைத்துச் சென்ற சொத்து வரி பாக்கியை வாங்கியவர் ஏன் கட்ட வேண்டும்?

பத்திரப் பதிவு முடிந்த பிறகு, பழைய உரிமையாளரின் சொத்து வரி நிலுவையைக் கட்டினால்தான் பெயர் மாற்றம் என்கிறார்கள், இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு சென்னையில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் கட்டிவிடுங்கள், கட்டிய ரசீதை வைத்து விற்றவரிடம் வசூலியுங்கள்.

மாநகராட்சிக்கு ஏன் இப்படி வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று சிலர் வரக்கூடும் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சொத்து வரி நிலுவை ஆளை மட்டும் சேர்ந்த கடனாக இல்லாமல் அந்தக் கட்டடத்தின் மீதே முதல் பாத்தியதையாக, அதாவது மற்றக் கடன்களுக்கு முன்னே அதிலிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமையாக நிற்பது. நிலுவை இருப்பதை அறியாமல் உரிய விலை கொடுத்து வாங்கியவர் மீது, சட்டம் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, அந்தப் பாத்தியதையை அமல்படுத்த முடியாது என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெற நீங்கள் வழக்காட வேண்டும். அது முடியும்வரை வரி ரசீது பழைய பெயரிலேயே இருக்கும். இப்போதைய விதிப்படி தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டியும் ஏறும்.

என் வீடு, 2011-இல் சென்னையோடு இணைக்கப்பட்ட பகுதி ஒன்றில் உள்ள மாடி வீடு. விலை பேசும்போதே வரி ரசீதைக் கேட்டேன். நடப்பு அரையாண்டுக்குக் கட்டிய ரசீதை விற்றவர் தயங்காமல் எடுத்துக் காட்டினார். அது தரைத்தளத்தின் ரசீது. மாடிக்குத் தனியாக வரி விதிக்கப்பட்டு, தனி எண்ணில் பல ஆண்டுகளாக நிலுவை சேர்ந்திருந்தது, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் வெளியே வந்தது. அவரைக் கேட்டால், மாடியில் குடியிருந்தவர் கட்டியிருக்க வேண்டும் என்றார்! வாடகையை வாங்கியவர் அவர். வரி மட்டும் குடித்தனக்காரர் தலையில்.

நான் முழுத் தொகையையும் கட்டினேன். விற்பனை நாள்வரையிலான வரிகளை விற்பவரே செலுத்த வேண்டும் என்கிற சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவையும், கிரயப் பத்திரத்தில் அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட வாசகத்தையும் காட்டி, ரசீதுகளின் நகலோடு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினேன். அதன் பிறகு அவருடைய மருமகன் காசோலையோடு வந்தார். அசலைத் தந்தார்கள், வட்டியைத் தர மறுத்துவிட்டார்கள். அதற்காக நீதிமன்றப் படியேற எனக்கு மனமில்லை. உங்கள் தொகை பெரிது என்றால் நீங்கள் விட்டுவிடத் தேவையில்லை.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் கடன் கொடுத்த வங்கியின் மீதுதான். சட்டக் கருத்துரைக்கென்று என்னிடம் தனிக் கட்டணம் வாங்கினார்கள். வங்கியின் வழக்கறிஞர் 30 ஆண்டு வில்லங்கச் சான்றைப் பக்கம் பக்கமாக விவரித்து, சொத்தில் எந்த வில்லங்கமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும், வரி நிலுவை வராது என்பது அவருக்குத் தெரியாததா? மாநகராட்சியின் இணையதளத்தில் மண்டலம், வட்டம், பில் எண், துணை எண் ஆகியவற்றை இட்டால் நிலுவை தெரிந்துவிடும். அதைப் பார்க்கச் சொல்லி அந்தக் கருத்துரையில் ஒரு வரி இல்லை.

நீங்கள் பணம் கட்டப் போகும் முன், உங்கள் கட்டடத்துக்கு எத்தனை வரி எண்கள் இருக்கின்றன என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். குடிநீர், கழிவுநீர் வரி சொத்து வரியோடு சேர்ந்தது அன்று. அதைக் குடிநீர் வாரியம் தனியாக வசூலிக்கிறது. அந்தக் கணக்கையும் பார்த்து, இரண்டையும் சேர்த்தே விற்றவருக்கு அறிவிப்பு அனுப்புங்கள்.