குமாவுன் மலைகளுக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பாதிதான் குமாவுன். மேற்கே கேதார்நாத், பத்ரிநாத் இருக்கும் கட்வால் பக்கம் நம் ஆட்கள் நிறையப் போகிறார்கள். குமாவுன் பக்கம் வருகிறவர்களோ நைனிதாலைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அப்பால்தான் நிஜமான இமயமலை தொடங்குகிறது என்பதால் எனக்கு அதில் ரொம்ப நாள் ஆதங்கம். சிறு குழுக்களை அங்கே அழைத்துப் போய் வருகிறவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், சென்னையிலிருந்து குடும்பமாக நான்கு பேர். மலையில் மொத்தம் ஆறு இரவு. நைனிதால், முக்தேஸ்வர், ராணிகேத், அல்மோரா, பின்சர், கௌசானி, முன்சியாரி என்று ஏழு ஊர் போட்டு ஏஜென்ட் பிளான் அனுப்பியிருக்கிறார். முடியுமா?

வண்டியில் உட்கார்ந்தே பார்ப்பதென்றால் முடியும். வரைபடத்தில் இந்த ஊர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆனால் இங்கே கிலோமீட்டரை மறந்துவிடுங்கள், மணிக்கணக்கில் யோசியுங்கள். மணிக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். நைனிதாலிலிருந்து அல்மோரா 65 கி.மீ. போல, மூன்று மணி நேரம் ஆகலாம். அல்மோராவிலிருந்து கௌசானி 50 கி.மீ., இரண்டு மணி நேரம். கௌசானியிலிருந்து முன்சியாரி போக ஒரு முழுப் பகல் வேண்டும்.

என்னைக் கேட்டால் முன்சியாரியை இந்த முறை எடுத்துவிடுங்கள். நைனிதால் அல்லது பீம்தாலில் இரண்டு இரவு, அல்மோராவில் இரண்டு, கௌசானியில் இரண்டு. முக்தேஸ்வரும் ராணிகேத்தும் போகிற வழியிலோ திரும்பும் வழியிலோ பார்த்துக்கொள்ளக்கூடியவை. கௌசானியில் இரண்டு இரவு என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பனிச்சிகரங்கள் தெரிவது காலையில்தான். முதல் நாள் மேகம் மூடிவிட்டால் இரண்டாவது காலை ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு.

சிகரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை. மழை கழுவிவிட்ட வானம், தூசி இருக்காது. அடுத்த நல்ல காலம் மார்ச், ஏப்ரல் முதல் பாதி. அப்போது புராஞ்ச் (ரோடோடென்ட்ரான் மரம்) பூத்துக் காடு சிவந்திருக்கும்.

மே, ஜூனில் ஊர் குளுமையாக இருக்கும், பழங்கள் வரும், ஆனால் தூரத்து மலை தெரியும் என்று யாரும் உறுதி தர முடியாது. பைன் மரத்தின் காய்ந்த ஊசி இலைகள் தரையில் மெத்தையாகக் கிடக்கும், ஒரு பொறி போதும். காட்டுத்தீப் புகை பல நாள் பள்ளத்தாக்கை மூடி நிற்பதுண்டு. நைனிதாலிலும் கைஞ்சி ஆசிரமம் பக்கமும் வண்டிகள் மணிக்கணக்கில் நகராது. மே மாதம்தான் வழி என்றால் நைனிதாலுக்குள் தங்காமல் பீம்தால், நௌகுசியாதால், சாத்தால் பக்கம் தங்குங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை வேண்டாம். நிலச்சரிவில் சாலை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. அக்டோபரிலும் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். 2021 அக்டோபரில் பருவமழை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது முக்தேஸ்வரில் ஒரே நாளில் 340 மி.மீ. மழை கொட்டியது, நைனிதாலுக்குப் போகும் சாலைகள் எல்லாம் துண்டிக்கப்பட்டன. திரும்பும் விமானத்தை மலையிலிருந்து இறங்கும் அதே நாளில் போடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, ரயில் எதுவரை போகும்?

காத்கோதாம் வரை, தம்பி. பேரைக் குறித்துக்கொள், மலையடிவாரத்தில் கடைசி ஸ்டேஷன் அதுதான். சென்னையிலிருந்து டெல்லி போய் மாற வேண்டும். புதுடெல்லியிலிருந்து காலையில் சதாப்தி இருக்கிறது, மதியத்துக்குள் இறக்கிவிடும். பழைய டெல்லியிலிருந்து ராணிகேத் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடியற்காலையில் சேரும். இரவு ரயில்தான் என் விருப்பம், ஏனென்றால் மலை ஏற முழுப் பகலும் கிடைக்கும். ஸ்டேஷன் வாசலிலேயே ஷேர் டாக்ஸி நிற்கும். நைனிதால் 35 கி.மீ. விமானம் என்றால் பந்த்நகர். டெல்லியிலிருந்து வரலாம், ஆனால் பனிமூட்டக் காலத்தில் அதை நம்பாதே.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். இமயமலை என்றதும் மூச்சுத் திணறும் என்று பயப்படுகிறார்.

அப்பா ஊட்டிக்குப் போயிருக்கிறாரா? ஊட்டி 2,240 மீட்டர். கௌசானி 1,890 மீட்டர்தான், அல்மோரா அதைவிடவும் தாழ்வு. நைனிதால் ஏரிக்கரையும் ஊட்டியைவிடக் கீழே. நீங்கள் சொல்லும் மூச்சுத் திணறல் லடாக், ஸ்பிட்டி, ஆதி கைலாஷ் மாதிரி இடங்களில் வருவது. இந்த ஊர்களில் அந்தப் பயம் தேவையில்லை.

குளிர்தான் வேறு கணக்கு. உயரம் குறைவானாலும் ஊட்டி இருப்பது 11 டிகிரி அட்சரேகையில், இவை 30 டிகிரிக்குப் பக்கத்தில். டிசம்பரில் வெயில் ஐந்து மணிக்கெல்லாம் இறங்கிவிடும், அப்புறம் எலும்பில் ஏறும் குளிர். பல விடுதிகளில் ஹீட்டருக்குத் தனிக் காசு; முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு உள்ளே போடும் தெர்மல், காதை மூடும் குல்லாய், நல்ல சாக்ஸ் அவசியம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

கேள்வி: நைனிதாலுக்குப் போகாமலே விடலாமா? கூட்டம் என்கிறார்களே.

விட வேண்டாம், ஒரு நாள் கொடுங்கள். ஏரியின் தெற்கு முனை தல்லிதால், வடக்கு முனை மல்லிதால், நடுவில் மால் ரோடு. காலை ஆறரைக்குப் படகுகள் கிளம்பும் முன் ஏரியைச் சுற்றி நடந்து பாருங்கள். பகலில் பார்க்கும் நைனிதால் வேறு ஊர் போலத் தெரியும். மல்லிதாலில் நைனா தேவி கோவிலுக்குப் பக்கத்தில் பிளாட்ஸ் என்று ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. 1880 செப்டம்பரில் மலை சரிந்து 151 பேர் இறந்த மண்தான் அந்தச் சமதளமாக ஆனது. சரிவு இன்றும் இந்த ஊரின் பிரச்சினைதான். டிஃபின் டாப் உச்சியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்த டோரதி சீட் என்ற கல் மேடை 2024 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு அதைத் தேடிப் போகாதீர்கள். ஸ்னோ வியூ காட்சிமுனைக்கு ரோப்கார் இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: தம்பி, நாங்கள் தஞ்சாவூரிலிருந்து ஐந்து பெண்கள், எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். கோவில் பார்க்க வேண்டும், படி ஏற முடியாது.

அம்மா, உங்களுக்கு முதலில் ஜாகேஸ்வர். அல்மோராவிலிருந்து 35 கி.மீ. தேவதாரு மரங்கள் அடர்ந்த குறுகிய பள்ளத்தாக்கில், ஓடைக் கரையில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கல் கோவில்கள். சில உங்கள் தோளுயரம்தான் இருக்கும். நம் ஊர் கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வளைந்து உயரும் சிகரங்கள் புதிதாக இருக்கும். பெரிய கோவில்களின் உச்சியில் மரத்தால் ஒரு சின்னக் கூரை போட்டிருப்பார்கள், பனியும் மழையும் கல்லுக்குள் இறங்காமல் இருக்க. கார் வாசல் அருகே வரை போகும், உள்ளே ஏறக்குறைய சமதரை. கல்தரை சில்லென்று இருக்கும், செருப்பைக் கழற்றிய பின் போட்டுக்கொள்ளத் தடித்த சாக்ஸ் எடுத்துப் போங்கள். ‘நாகேசம் தாருகாவனே’ என்று ஜோதிர்லிங்க சுலோகத்தில் வருவது இந்த இடம்தான் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. துவாரகை அருகே உள்ள நாகேஸ்வரத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த வழக்குக்குள் போகாமல் இரண்டையும் தரிசிப்பது நல்லது.

அடுத்து, கௌசானியிலிருந்து இறங்கினால் பைஜ்நாத். கோமதி ஆற்றங்கரைக் கோவில் தொகுதி, கருங்கல்லில் ஆளுயரப் பார்வதி சிலை. அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். நீம் கரோலி பாபாவின் கைஞ்சி ஆசிரமம் நைனிதால்–அல்மோரா சாலையிலேயே இருக்கிறது. சனி, ஞாயிறும் ஜூன் 15 திருவிழாவை ஒட்டிய நாட்களும் தவிர எப்போது வேண்டுமானாலும் போகலாம். பாதாள புவனேஸ்வர் குகை மட்டும் உங்களுக்கு வேண்டாம் அம்மா. குறுகலான வழியில் சங்கிலியைப் பிடித்துக் குனிந்து இறங்க வேண்டும். முட்டி வலி இருப்பவர்கள் ஏறி வர மிகவும் சிரமப்படுவார்கள்.

கேள்வி: கௌசானியில் அப்படி என்ன இருக்கிறது? ஆன்லைனில் பார்த்தால் ஒரு ஆசிரமமும் தேயிலைத் தோட்டமும்தான் காட்டுகிறது.

ஆமாம், வேறு ஒன்றும் இல்லை. அதனால்தான் போகச் சொல்கிறேன். 1929ல் காந்தி இங்கே வந்து இரண்டு வாரம் போலத் தங்கி, தன் கீதை மொழிபெயர்ப்புக்கான முன்னுரையை எழுதினார். அவர் இருந்த இடம்தான் இப்போதைய அனாசக்தி ஆசிரமம். அதன் முற்றத்தில் விடியலுக்கு அரை மணி முன்பு போய் நில்லுங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது, பள்ளத்தாக்கில் ஊர் விளக்குகள் மட்டும். பிறகு வானத்துக்கும் மலைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு. சூரியன் நாம் இருக்கும் இடத்துக்கு வருவதற்கு வெகு முன்பே உச்சிகளில் ஒளி படும்; ரோஜா நிறம், செம்பு, மஞ்சள், கடைசியில் வெள்ளை. எதிரே மூன்று முனையோடு நிற்பது திரிசூல், 7,120 மீட்டர். அதற்கு வலப்புறம் பின்தள்ளித் தெரிவது நந்தா தேவி, 7,816 மீட்டர். முழுக்க இந்திய எல்லைக்குள் இருக்கும் சிகரங்களில் அதுதான் மிக உயரமானது. குமாவுன்காரர்களுக்கு அவள் குலதெய்வம், வீட்டுப் பெண். புரட்டாசியை ஒட்டி அல்மோராவில் அவளுக்குப் பெரிய விழா நடக்கும். மலையைப் பார்த்து உள்ளூர்க்காரர் கை கூப்பினால் நாமும் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

ஒன்பது, பத்து மணிக்குள் மேகம் ஏறிவிடும். அதற்குப் பிறகு எழுந்து வந்து ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: அண்ணா, நாங்கள் காலேஜ் பசங்க ஆறு பேர். முன்சியாரி போகலாமா? குறைந்த செலவில்?

தாராளமாக. உங்களுக்குத்தான் அந்த ஊர். காத்கோதாமை ஒட்டிய ஹல்த்வானியிலிருந்து விடியற்காலையில் ஷேர் ஜீப் பிடித்தால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். ஆனால் அல்மோராவிலோ பாகேஸ்வரிலோ ஒரு இரவு தங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், முதுகுக்கு நல்லது. தல் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை ஓரத்திலேயே பிர்த்தி அருவி, 126 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி 2,700 மீட்டரில் காளாமுனி கணவாய். அதைத் தாண்டி இறங்கும்போது பஞ்சசூலியின் ஐந்து சிகரங்களும் எதிரே வந்து நிற்கும். பாண்டவர்கள் சொர்க்கம் போகும் முன் கடைசியாகச் சமைத்த ஐந்து அடுப்புகள் என்பது ஊர்க் கதை.

அங்கே ஒரு நாளைக் காலியா டாப் நடைக்கு வையுங்கள். உச்சி 3,500 மீட்டர், ஆகையால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துப் போங்கள், தண்ணீர் போதுமான அளவு எடுத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் உச்சியில் நிற்காதீர்கள். இன்னொரு நாள் ஊரில் இருக்கும் பழங்குடி மரபு அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். இந்த ஜோஹார் பள்ளத்தாக்கின் ஷௌகா மக்கள் ஆட்டு மந்தைகளின் முதுகில் தானியம் ஏற்றிக்கொண்டு போய், திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் கொண்டுவந்து வியாபாரம் செய்தவர்கள். 1962 போரோடு அது நின்றுபோனது. அவர்கள் வீட்டு ஹோம்ஸ்டேயில் தங்கினால் செலவும் குறைவு, கதையும் கிடைக்கும். ஜனவரி, பிப்ரவரியில் காளாமுனியில் பனி விழுந்தால் வழி அடைபடும்; முதல் முறைக்கு நவம்பர் நல்லது.

கேள்வி: பனி விழுவதைப் பார்க்க வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். நைனிதாலில் டிசம்பரில் கிடைக்குமா?

உறுதி சொல்ல மாட்டேன். ஜனவரி, பிப்ரவரியில் சில நாள் விழும், சில வருடம் ஏமாற்றும். முக்தேஸ்வரில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், முன்சியாரியில் இன்னும் கூடுதல். குழந்தையிடம் பனி பார்க்கப் போகிறோம் என்று சொல்லாமல் பனிமலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: வளைவுகளில் பையன் வாந்தி எடுப்பான்.

முன் சீட்டில் உட்கார வையுங்கள், போன் கொடுக்காதீர்கள், காலையில் பூரி பராட்டா வேண்டாம். மாத்திரை தருவதென்றால் மருத்துவரைக் கேட்டு, கிளம்பும் முன்பே தர வேண்டும். குமட்டல் வந்த பின் தந்து பயனில்லை. டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லத் தயங்காதீர்கள். இருட்டிய பிறகு மலைச் சாலையில் ஓட்டச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

கேள்வி: சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? சோறு கிடைக்குமா?

குமாவுன்காரர்களும் சோறு சாப்பிடுகிறவர்கள்தான், கவலையே வேண்டாம். பட் என்ற கருப்பு சோயாவில் செய்யும் சுட்கானியைச் சூடான சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். மடுவா ரொட்டி நம் கேழ்வரகுதான், மேலே நெய் தடவித் தருவார்கள். உருளைக்கிழங்கைத் தாளித்து வதக்கிய ஆலூ கே குட்கே, கூட பாங் (கஞ்சாச் செடி) விதைச் சட்னி. விதையில் போதை கிடையாது, பயப்படாமல் சாப்பிடலாம். ஹோட்டல் மெனுவில் இவை இருக்காது, ஹோம்ஸ்டேயில் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

அல்மோராவில் பால் மிட்டாய் வாங்காமல் வராதீர்கள். கோவாவைச் சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்து, துண்டு போட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை ஒட்டியிருப்பார்கள். கடித்தால் முதலில் நறுக்கென்று சர்க்கரை உடையும், பிறகு கோவா கரையும். மாலு இலையைக் கூம்பாக மடித்து அதற்குள் கோவா வைத்துத் தரும் சிங்கோரியை அன்றே சாப்பிட்டுவிடுங்கள், ஊர் வரை தாங்காது.

கேள்வி: கார்பெட் புலிக் காட்டையும் சேர்க்கலாமா?

திரும்பும் வழியில் இரண்டு இரவு ஒதுக்கினால் சேர்க்கலாம். ராம்நகரில் தங்க வேண்டும். திகாலா பகுதி நவம்பர் நடுவிலிருந்து ஜூன் நடு வரைதான் திறந்திருக்கும். அனுமதியை முன்கூட்டியே அரசுத் தளத்தில் பதிவு செய்யுங்கள். நேரம் இல்லையென்றால் காலாதூங்கியில் ஜிம் கார்பெட் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, நைனிதாலிலிருந்து இறங்கும் வழிதான்.

கேள்வி: ஹிந்தி தெரியாது. போன், பணம் எப்படி?

நம் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யும். சிக்னல் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும், ஆகவே வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். டவுன்களில் யுபிஐ எடுக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் அது உதவாது, அல்மோராவிலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள். ஹிந்திக்கு நாலு வார்த்தை போதும். வயதில் மூத்த ஆண்களை ‘தாஜ்யூ’ என்று கூப்பிடுங்கள், குமாவுனியில் அண்ணன். அப்படிக் கூப்பிட்டால் வழி சொல்வதோடு நிறுத்தாமல் டீயும் வாங்கித் தருவார்கள். தங்குவதற்கு குமாவுன் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு விடுதிகளை முதலில் பாருங்கள். அறைகள் பழையவை, ஆனால் கௌசானியிலும் பின்சரிலும் முன்சியாரியிலும் சிகரம் தெரியும் நல்ல இடங்களில் இருக்கின்றன. பின்சரில் மின்சாரம் சில மணி நேரம்தான், டார்ச்சும் பவர் பேங்க்கும் வேண்டும். சிறுத்தை நடமாடும் காடு அது, பொழுது சாய்ந்ததும் விடுதிக்குள் வந்துவிடுங்கள்.