பிரபுக்களின் ஆட்சி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிரபுத்துவம் குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். ஆளும் குடும்பங்களில் பிறந்தவர்கள் இளமை முதலே ஆட்சிப் பயிற்சி பெறுகிறார்கள். தேர்தலைப் பற்றிய கவலை இல்லாததால் தொலைநோக்குடன் முடிவெடுக்க அவர்களால் முடிகிறது. வெனிஸ் குடியரசு பல நூற்றாண்டுகள் நிலைத்தது அதனால்தானே? உயர்குடி ஆட்சியை அநீதி என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உயர்குடி ஆட்சிக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க மிக வலுவான சான்றையே எடுத்திருக்கிறீர்கள். 1297-இல் தன் ஆட்சியவையான பெருமன்றத்தின் கதவை ஏற்கெனவே உள்ளே இருந்த குடும்பங்களுக்கென்று ஏறத்தாழ அடைத்துக்கொண்ட வெனிஸ், 1797-இல் நெப்போலியனிடம் வீழும்வரை அந்த வகுப்பினராலேயே ஆளப்பட்டது. ஆனால், அந்த ஐந்நூறு ஆண்டுகளுக்குக் காரணம் குலத்தின் மேன்மை என்பதை நான் ஏற்கவில்லை.

அக்குடியரசின் தலைவரான டோஜ் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று பாருங்கள். 1268-இல் அமைந்த முறைப்படி, பெருமன்றத்திலிருந்து 30 பேரைக் குலுக்கலில் எடுப்பார்கள். மறுபடி குலுக்கி அவர்களை 9 ஆகக் குறைப்பார்கள். அந்த 9 பேர் 40 பேரைத் தேர்வார்கள். அந்த 40 பேரும் குலுக்கலில் 12 ஆவார்கள். இப்படிக் குலுக்கலும் தேர்வும் மாறிமாறி நடந்து, கடைசியில் அமையும் 41 பேர் குறைந்தது 25 வாக்குகளால் டோஜைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்தக் குடும்பமும் முன்கூட்டியே பேரம் பேசிப் பதவியைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை பாடு. பதவியேற்ற பின்னரும், அயல்நாட்டிலிருந்து வரும் கடிதத்தைத் தனியாகப் பிரித்துப் படிக்க அவருக்கு உரிமையில்லை. ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவரச் சதி செய்த மரீனோ ஃபாலியேரோ என்ற டோஜின் தலையை 1355-இல் வெட்டினார்கள். தம்மவரையே இவ்வளவு ஐயத்துடன் கட்டிவைத்த பிரபுக்கள், நற்பிறப்பு நல்லாட்சியைத் தந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்குப் போலந்து சான்று. அங்கும் பரம்பரைப் பிரபுக்கள்தான் ஆண்டார்கள். அரசரையே அவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 1652 முதல், ஒரே ஓர் உறுப்பினர் மறுப்புத் தெரிவித்தால் போதும், நாடாளுமன்றக் கூட்டம் கலைந்து, அதில் நிறைவேறிய அனைத்தும் செல்லாமல் போகும் என்ற நிலை வந்தது. ஓர் உறுப்பினரை விலைக்கு வாங்கினால் அயல் அரசுகளின் வேலை முடிந்தது. 1791-இல் இவ்வழக்கத்தை ஒழித்தார்கள். 1795-இல் நாடே பங்கிடப்பட்டு மறைந்தது.

தொலைநோக்கைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். பிரான்ஸ் திவாலின் விளிம்பில் நின்ற 1787-இல், எல்லா நிலத்துக்கும் வரி என்ற திட்டத்தைப் பிரமுகர் மன்றத்தின் முன் அரசு வைத்தது. பெரும்பாலும் பிரபுக்களால் ஆன அம்மன்றம் அதை ஏற்கவில்லை. வரியின் பெருஞ்சுமையைக் குடியானவர்கள் சுமந்துகொண்டிருந்த நாடு அது. இரண்டே ஆண்டுகளில், 1789 ஆகஸ்ட் 4-ஆம் நாள் இரவில், பிரபுக்களின் வரிவிலக்கு முதலான சலுகைகள் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ஆளப் பழகியவர்களுக்குத் தம் காலடியில் இருந்த பள்ளம்கூடத் தெரியவில்லை என்பது எனக்கு இன்றும் வேதனை தருவது.

ஆகவே, அநீதி என்ற சொல்லை நான் திரும்பப் பெறவில்லை. பொதுநலனுக்காக ஆளும் சிலரின் ஆட்சியையும் தன்னலத்துக்காக ஆளும் சிலரின் ஆட்சியையும் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டினார். வெனிஸ் பிரபுக்கள் இவற்றில் எந்த வகை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம், கப்பல் கட்டும் துறையில் உழைத்த ஒரு தச்சருக்கு அந்த ஐந்நூறு ஆண்டுகளில் ஒருநாளும் கிடைக்கவில்லை.