விண் கூவும் நூல்

அன்புள்ள ஐயா,

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறேன். ஒலி காற்றிலிருந்து நீருக்குள் போகும்போது மீடிறன் கூடும் என்று எழுதினேன், பிழை என்றார்கள். ஏன் என்று கேட்டால் "மாறாது, பாடமாக்கு" என்கிறார்கள். ஆவர்த்தன காலத்தால் வகுப்பதா, அலைநீளத்தால் வகுப்பதா என்பதிலும் குழப்பம். இந்தியக் காணொளிகளில் அதிர்வெண் என்கிறார்கள். எது சரியான சொல்?

ஒரு மாணவன், பருத்தித்துறை

அன்புள்ள தம்பி,

சொல்லை விடு. இரண்டும் ஒன்றுதான், செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது. உன் வினாத்தாளில் மீடிறன் என்று வரும், அப்படியே எழுது. ஓர் அதிர்வுக்கு எடுக்கும் நேரம், அதாவது ஆவர்த்தன காலம், தெரிந்தால் 1ஐ அதனால் வகு. வேகமும் அலைநீளமும் தெரிந்தால் வேகத்தை அலைநீளத்தால் வகு.

என்னைச் சுட்டது அந்தப் 'பாடமாக்கு'தான். நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். பருத்தித்துறையில் இருந்துகொண்டு மீடிறனைப் பாடமாக்குவாயா? தை மாதத்தில் உன் கூரைக்கு மேல் இரவிரவாக விண், பட்டத்தில் கட்டும் அந்த நார் வில், காற்றில் கூவவில்லையா?

எனக்குப் பத்து வயதில் மாமா எட்டுமூலைப் பட்டம் கட்டித் தந்தார். விண்ணுக்கு நாரை வழித்து மெல்லியதாக்கி, வில்லில் இழுத்துக் கட்டி, கையில் பிடித்து வீசிக் கேட்பார். சுருதி இறங்கியிருந்தால் இன்னும் இறுக்குவார். இழுவிசை நான்கு மடங்கானால் மீடிறன் இரண்டு மடங்காகும் என்று அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை. அன்றிரவு பட்டத்தை இறக்காமல் நூலைக் கிணற்றடிப் பூவரசில் கட்டினோம். நூலில் காதை வைக்கச் சொன்னார். வானத்தில் கூவிய அதே சுருதி என் காதுக்குள் கூவியது. "மேலே எத்தனை தரம் துடிக்கிறதோ, இங்கேயும் அத்தனை தரம்தான். இடையில் யார் கூட்டுவது?" என்றார்.

உன் விடை இதுதான். விண் செக்கனுக்கு 170 தரம் துடித்தால் காற்று கடலின் மேற்பரப்பையும் 170 தரம்தான் தள்ளும். 171ஆவது தள்ளலைக் கடல் எங்கிருந்து எடுக்கும்? வந்த ஒன்றை எங்கே ஒளித்துவைக்கும்? ஒலி போகும் ஊடகம் மாற்றுவது வேகத்தையும் அதனால் அலைநீளத்தையும்தான், மீடிறனை அல்ல. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகிறது. 170ஆல் வகுத்தால் அலைநீளம் 2 மீற்றர். கடல் நீரில் ஏறத்தாழ 1500 மீற்றர். அதே 170ஆல் வகு, கிட்டத்தட்ட 8.8 மீற்றர். அலை நீண்டது, எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. கையால் ஒருமுறை வகுத்துப் பார்க்காமல் இதை மறுபடி பாடமாக்கினாய் என்றால் எனக்குக் கோபம் வரும்.

மாமா இப்போது இல்லை. வரும் தையில் நீ பட்டம் ஏற்று. இரவில் நூலை மரத்தில் கட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு எனக்கு எழுது.