கேள்வி நேரம்: எலிங்டனை எங்கே தொடங்குவது?

கேள்வி: நான் தவில் பழகுகிறேன். அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் இசைக்குழுவின் பதிவுகள் ஏராளமாம். எதை முதலில் கேட்கலாம்?
– வாசகர், முள்ளியவளை

பதில்: ஒரே உருப்படியின் இரு பதிவுகளைக் கேளுங்கள், தம்பி. ‘டிமினுவெண்டோ அன்ட் கிரெசெண்டோ இன் புளூ’வை 1937இல் இசைத்தட்டின் இரு பக்கங்களாகப் பிரித்துப் பதிந்தார்கள், அன்றைய தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே கொள்ளும். 1956இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அதன் நடுவே பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் 27 சுற்றுகள் விடாமல் வாசித்தார். வற்றாப்பளைப் பொங்கலில் தவில் நாதஸ்வரத்தைத் தூக்கிக்கொடுக்குமே, சாம் வுட்யார்டின் டிரம்ஸ் அப்படி! இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிவாங்கியை விட்டு கொன்சால்வஸ் வேறு ஒலிவாங்கியில் வாசித்ததால் பழைய தட்டில் ஒலி மங்கல். அந்த நியூபோர்ட் பதிவின் 1999 பதிப்பையே தேடுங்கள். பிறகு, 1963இல் இலங்கை உட்படப் பல நாடுகளுக்குப் போய்வந்தபின் அவர்கள் பதிந்த ‘ஃபார் ஈஸ்ட் சூட்’. ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸபோனுக்காகவே அதைக் கேட்க வேண்டும்.