ஆளப் பாத்தே எடை போடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: திருப்பூர்ல சின்னதா எக்ஸ்போர்ட் யூனிட் வச்சிருக்கேனுங்க. மெர்ச்சன்டைசர் வேலைக்கு, அதாவது சரக்கு வாங்கற பையர்கிட்ட பேசி ஆர்டர பாத்துக்கற வேலைக்கு வர்றவங்க நேர்ல நல்லா பேசறாங்க, இங்கிலீஷும் சரளமா வருது, ஆனா சீட்ல உக்காந்தா பையர் மெயிலுக்கு பதில் போடவே தடுமாறறாங்க. ஆளப் பாத்ததும் கண்டுபிடிக்க வழி இருக்குங்களா?
- வாசகர், திருப்பூர்

பதில்: ஆளப் பாத்து கண்டுபிடிக்கற ஆசைய மொதல்ல விட்டுடுங்க சார், உங்கள ஏமாத்தறதே அதுதான். ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் புடிச்சுப்போனா மத்த எல்லாத்துலயும் அவர் கெட்டிக்காரர்னு மனசு தானா முடிவு கட்டிடும். எட்வர்ட் தார்ன்டைக்ங்கற அமெரிக்க உளவியல் அறிஞர் 1920லயே இத எழுதிட்டார், ராணுவ அதிகாரிங்க தங்களுக்கு கீழ இருக்கறவங்களுக்கு உடல்வாகு, புத்தி, தலைமை, குணம்னு தனித்தனியா மார்க் போடணும், ஆனா ஒண்ணுல அதிகமா போட்டவங்க மத்ததுலயும் அதிகமாவே போட்டிருந்தாங்க. 1998ல ஷ்மிட், ஹன்ட்டர்னு ரெண்டு பேர் 85 வருஷ ஆராய்ச்சிகள திரட்டிப் பாத்ததுல, சும்மா பேசிப் பாக்கறத விட எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகள கேட்டு மார்க் போடறதும், வேலைய செஞ்சு காட்டச் சொல்றதும்தான் நல்லா கணிக்குதுன்னு வந்துச்சு. 2022ல வேற சிலர் திரும்ப கணக்கு போட்டப்ப கணிப்போட அளவு கொறஞ்சுது, ஆனா ஒரே கேள்விகள் கேக்கற இன்டர்வியூ முன்னாடியேதான் நின்னுச்சு.

அதனால முடிஞ்சுபோன பழைய ஆர்டர் ஒண்ணோட டெக் பேக்க (துணி, அளவு, தையல் விவரமெல்லாம் இருக்கற குறிப்பு) எடுங்க, பையர் பேர மறைச்சிடுங்க. ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியோட எடை), சைஸ் எல்லாம் அதுலயே இருக்கும், ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி ஆகும்னு போட்டுக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் லேப் டிப் (கலர் பாக்க சாயம் போட்ட துணி சாம்பிள்) அப்ரூவல் லேட்டாகிடுச்சு, ஷிப்மென்ட் தேதிய தள்ள மாட்டேன்னு பையர் கோவமா எழுதின மெயில் ஒண்ண குடுத்து பதில் எழுதச் சொல்லுங்க. எழுதறதுக்கு முன்னாடி "டையிங்ல இருந்து துணி எப்ப வரும் சார்?"னு கேக்கறாங்க பாருங்க, அவங்கள விட்டுடாதீங்க, இங்கிலீஷ் கொஞ்சம் திக்கினாலும் பரவால்ல. வந்தவங்களுக்கு அரை நாள் சம்பளத்தையும் குடுத்து அனுப்புங்க, அவங்க நேரமும் காசுதான்.

கேள்வி: சென்னைல ஒரு தனியார் கம்பெனி இன்டர்வியூ. மதுரைப் பக்கம்னு சொன்னதும் எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தத் தெரு, குலசாமி எதுன்னு கேட்டாங்க. பதில் சொன்ன கொஞ்ச நேரத்துலயே முடிச்சு அனுப்பிட்டாங்க. நான்தான் ரொம்ப யோசிக்கறேனா?
- வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: இல்ல தம்பி. சாதியக் கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்கதான் தெருவக் கேக்கறாங்க. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பேப்பர்ல வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரி படிப்பு அனுபவத்தோட, பேர மட்டும் மாத்தி விண்ணப்பம் அனுப்பினாங்க. உயர்சாதிப் பேருக்கு வந்த அளவு அழைப்பு தலித் பேருக்கு வரல, முஸ்லிம் பேருக்கு அதவிடக் கம்மி. யாரும் முகத்தக்கூட பாக்கல, பேர் ஒண்ணே போதுமா இருந்துச்சு. மத்திய அரசு குரூப் சி, கெஸட்டட் இல்லாத குரூப் பி வேலைகளுக்கு 2016 ஜனவரி 1ல இருந்து இன்டர்வியூவையே எடுத்துட்டாங்க, அங்க வேண்டியவங்களுக்கு மார்க் போடறது நடக்குதுங்கற கவலையும் அதுக்கு ஒரு காரணம்.

"இந்த வேலைக்கு அது எதுக்குங்க?"ன்னு பணிவா திருப்பிக் கேக்கலாம்தான், ஆனா வேலை வேணுங்கற நேரத்துல அந்த பாரத்த உங்க தலைல ஏத்த எனக்கு மனசு வரல. பேனல்ல உக்கார்றவங்கதான் இத நிறுத்தணும். கேள்விகள முன்னாடியே எழுதி வைங்க, பக்கத்து சீட்காரர் குலசாமின்னு ஆரம்பிச்சா அங்கயே தடுங்க, வெளிய வந்து வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்.

கேள்வி: ஃபைனல் ரவுண்ட் முடிஞ்சு, செலக்ட் மாதிரிதான்னு வாயால சொன்னாங்க. இப்ப ஹெச்ஆர் போன எடுக்கறதில்ல. இங்க நோட்டீஸ் பீரியட் 90 நாள், இப்பவே ரிசைன் பண்ணிடலாமா?
- வாசகி, ஓசூர்

பதில்: வேண்டவே வேண்டாம்மா. ஹெச்ஆர்ல இருக்கறவங்களே, இல்லன்னா இல்லன்னு ஒரு வரி மெயில் போடுங்க, அந்த ஒரு வரிக்காக ஒரு வீடே போன பாத்துட்டு உக்காந்திருக்கு. நீங்க ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்து, சம்பளம், சேர்ற தேதி ரெண்டையும் படிச்சப்புறம் ரிசைன் பண்ணுங்க, அதுவரைக்கும் மத்த இன்டர்வியூவுக்கும் போயிட்டே இருங்க.